சிங்கப்பூரில் இருந்துகொண்டு தமிழ் வலைப்பூ: பெயர், இடம், முதல் பதிவு, இந்த வரிசையில்

சனிக்கிழமை மாலைகளில் நூலக மேசையில் என் மடிக்கணினிக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். மூன்று வருட ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்), அதோடு ஒட்டி விற்ற ‘பாதுகாப்புப் பொதி’, விலை கொடுத்து வாங்கிய தீம் (தோற்ற வார்ப்பு), எல்லாம் இருக்கும். ஒரு பதிவுகூட இருக்காது. எங்கே தொடங்குவது என்று கேட்பார்கள். தொடங்கவேண்டிய இடத்தைத் தாண்டி நாலு படி போய்விட்டார்கள் என்பதை மெதுவாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

எழுத்து, பெயர், இடம், அமைப்பு, வெளியீடு, நகல். இந்த வரிசைப்படிதான் கீழே எழுதியிருக்கிறேன். எந்தப் படியை முன்னால் இழுத்தாலும் பின்னால் ஒரு வேலையை இரண்டு முறை செய்வீர்கள்.

1. கணினியைத் தொடும் முன்: மூன்று பதிவுகள்

முழுதாக முடித்த மூன்று பதிவுகள் கையில் இருக்கட்டும். குறிப்பு போதாது, வெளியிடும் நிலையில் வேண்டும். காரணம் எளிது: நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று நினைக்கிறீர்களோ அதுவும், உட்கார்ந்தால் கையில் வருவதும் வேறு வேறு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கவிதைக்கென்று இடம் தேடி வந்தார். மூன்று எழுதி வாருங்கள் அக்கா என்றேன். இரண்டு வாரம் கழித்து வந்தபோது மூன்றும் சமையல் குறிப்பு, ஒவ்வொன்றிலும் பத்துப் பதினொரு படம். கவிதைக்குப் போதுமான இடம் வேறு, இதற்கு வேண்டிய இடம் வேறு.

அந்த மூன்றும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் வீட்டுக் கணினியில் அழகாகத் தெரியும், இணையத்தில் ஏற்றினால் கிறுக்கலாகும். சோதிக்க ஒரு வழி: ஒரு பத்தியை வெட்டி உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கைத்தொலைபேசியில் தமிழாகத் தெரிந்தால் சரி. புதிதாகத் தட்டச்சு பழகுகிறவர்களுக்கு ஐபோனிலேயே அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகைகளும் இருக்கின்றன. எது விரலுக்கு வருகிறதோ அது.

2. ஒரு மின்னஞ்சல், ஒரு அட்டை

பதிவு செய்யும் மின்னஞ்சல் உங்கள் சொந்த முகவரியாக இருக்கட்டும். அலுவலக முகவரி வேண்டாம். வாங்கப் போகும் டொமைனிலேயே (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) உருவாக்கும் முகவரியும் வேண்டாம். டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்தே நின்றுவிடும். மீட்கும் கடிதம் நின்றுபோன பெட்டிக்குப் போகும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் டொமைனை அலுவலக முகவரியில் வாங்கி வைத்திருந்தேன். வேலை மாறினேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களை யார் படித்தார்களோ தெரியாது. கடன் அட்டையும் காலாவதியாகிப் புது எண் வந்திருந்தது. ஒரு நாள் தளத்தைத் திறந்தால் யாரோ ஒருவரின் விளம்பரப் பக்கம். டாட் காம் பெயர்களுக்குச் சலுகைக் காலம் முடிந்தபின் 30 நாள் மீட்புக் காலம் ஒன்று உண்டு. அந்த நாள்களில் திரும்ப வாங்கலாம், ஆனால் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தண்டம் கட்ட வேண்டும். கட்டினேன். அதையும் தவறவிட்டால் 5 நாளில் பெயர் பொதுச்சந்தைக்குப் போய்விடும்.

3. பெயர்: தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள்

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரே சொல்லுக்கு நாலு எழுத்துக்கூட்டல் வரும். ‘வாழை’ என்று வைத்தால் ழகரத்தை ஒருவர் ஒற்றை எழுத்தாகப் போடுவார், ஒருவர் இரண்டெழுத்தாகப் போடுவார், நெடிலுக்கு இரட்டை உயிர் போடுவார் இன்னொருவர். வாசகர் ‘வலை’க்குப் போய்விடுவார். எம்ஆர்டி ரயில் சத்தத்தில் நண்பருக்கு அழைத்துப் பெயரை ஒரே தடவை சொல்லுங்கள். அவர் சரியாகத் தட்டினால் வாங்குங்கள். நடுவில் கோடு, எண் இரண்டும் வேண்டாம்.

முடிவுச்சொல்லைப் பொறுத்தவரை, டாட் காம் மலிவு, உலகம் முழுக்கப் பழகியது. சிங்கப்பூருக்குரிய டாட் எஸ்ஜி (.sg) விலை கூடுதல். அதற்கு அரசின் மின்னடையாள முறையான சிங்பாஸ் வழியாக அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும், 21 நாளுக்குள் செய்யாவிட்டால் பெயர் முடக்கப்படும். வாங்கிய அன்றே உறுதிசெய்யச் சொல்லி வரும் மின்னஞ்சலைத் தேடி எடுத்து முடித்துவிடுங்கள், குப்பைப் பெட்டியில்கூட விழுந்திருக்கும். டாட் எஸ்ஜிக்கு நான் ஒரு தனிக் காரணம் சொல்வேன்: 2019 முதல் தேசிய நூலக வாரியம் டாட் எஸ்ஜி தளங்களைத் தானாகவே சேகரித்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஊர்க்கதை எழுதுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். டாட் காம் டாட் எஸ்ஜி வணிக நிறுவனங்களுக்கானது, அதைத் தொட வேண்டாம்.

முழுத் தமிழிலேயே ‘.சிங்கப்பூர்’ என்று முடியும் முகவரியும் இருக்கிறது. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பல செயலிகளில் ஒட்டும்போது அது புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும், மின்னஞ்சலிலும் தொல்லை. இரண்டாவது பெயராக வாங்கி முதல் பெயருக்குத் திருப்பிவிடலாம், அதோடு சரி.

4. பெயரை உங்கள் பெயரில் பதியுங்கள்

‘அண்ணே, நான் பார்த்துக்கிறேன்’ என்று கணினி தெரிந்த தம்பி தன் கணக்கிலேயே வாங்கிக் கொடுப்பார். நல்ல மனம்தான். நாளை அவர் ஊருக்குப் போனாலும், பேச்சுவார்த்தை நின்றாலும், பெயர் அவருடையது. உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று உள்ளே நுழைந்து நீங்களே பாருங்கள். டாட் காம் வாங்கியவுடன் முகவரியை உறுதிசெய்யச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வரும். 15 நாளுக்குள் அதைச் சொடுக்காவிட்டால் பெயர் நிறுத்திவைக்கப்படும். மோசடிக் கடிதம் என்று அழித்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

பெயரை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறிடத்திலும் வாங்குவது என் பழக்கம். ‘ஹோஸ்டிங் எடுத்தால் டொமைன் இலவசம்’ என்ற சலுகை முதல் வருடத்துக்கு மட்டும்தான். அதோடு, இடத்தோடு சண்டை வந்தால் பெயரும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

5. இடம்: உங்களுக்கு எது?

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். இன்னொருவர் வீட்டில் ஓர் அறை, எல்லாம் செய்து தரும் வாடகை வீடு, பொதுத் தாழ்வாரம் உள்ள வீடு, குழாயும் மின்கம்பியும் நீங்களே போட்டுக்கொள்ளும் வெறும் கட்டடம். வலைப்பூவுக்கும் இந்த நான்குதான்.

முதலாவது பிளாகர். கூகுள் நடத்துவது, இலவசம். சொந்த டொமைனைக் காசில்லாமல் இணைக்கலாம், பாதுகாப்பான இணைப்பைக் காட்டும் பூட்டுக் குறிக்கான சான்றிதழும் சேர்ந்தே வரும். தோற்றத்தில் விருப்பத்துக்கு வளைக்க முடியாது, கூகுள் கணக்கு முடங்கினால் வலைப்பூவும் முடங்கும். அதற்கு ஒரு மருந்து: உங்களுடைய இன்னொரு மின்னஞ்சலையும் முதல் நாளே நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள். எழுத்து மட்டும் முக்கியம் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன், வெட்கப்படாமல்.

இரண்டாவது வேர்ட்பிரஸ் டாட் காம். இங்கே ஒரு பெயர்க் குழப்பம். வேர்ட்பிரஸ் என்பது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அந்த மென்பொருளை வைத்து ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. அதன் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் வரும், சொந்த டொமைன் இணைக்கப் பணம் கட்ட வேண்டும். ‘வேர்ட்பிரஸ் இலவசம் என்றார்களே’ என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தவர்கள்.

மூன்றாவது பகிர்வு ஹோஸ்டிங்கில் நீங்களே வேர்ட்பிரஸ் நிறுவுவது. ஒரே சர்வரில் (தளங்களை வைத்திருக்கும் கணினி) நூற்றுக்கணக்கானவர்கள். படம் நிறைய, பட்டியல், தேடல், மின்மடல் எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் பொருத்தம். அந்த ஆசிரியை அக்காவுக்கும் கடைசியில் இதையே போட்டோம். விலை: மேம்படுத்துவது, பழுது பார்ப்பது, நகலெடுப்பது எல்லாம் உங்கள் தலையில்.

நான்காவது வெறும் சர்வரை வாடகைக்கு எடுப்பது. இரவு 11 மணிக்குத் தளம் விழுந்தால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தெரியுமா? தெரியாதென்றால் இந்தப் பத்தியைத் தாண்டுங்கள். நிரல் தெரிந்தவர்கள் கிட்ஹப் பேஜஸில் நிலையான பக்கங்களாகவே வைத்துக்கொள்ளலாம், காசும் இல்லை, உடைவதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை.

6. பகிர்வு ஹோஸ்டிங் வாங்கும்போது

விளம்பரத்தில் மாதம் 3 அமெரிக்க வெள்ளி என்று இருக்கும் என்று வையுங்கள். கட்டணப் பக்கத்துக்குப் போனால் அது 36 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான். ஆக 108. அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, வெளிநாட்டு நிறுவனங்கள் பலவும் இப்போது அதைச் சேர்க்கின்றன: 117.72. வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. 37ஆம் மாதம் என்ன விலை? சின்ன எழுத்தில் ‘புதுப்பிப்பு விலை’ என்று இருக்கும், அதுதான் உண்மையான விலை. அதைப் பார்த்து ஒப்பிடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் முதல் தடவை கட்ட வேண்டாம்.

சர்வர் எங்கே என்று ஒரு கீழிறங்கு பட்டியல் கேட்கும், பெரும்பாலும் அமெரிக்கா முன்பே தேர்வாகியிருக்கும். அதைச் சிங்கப்பூருக்கு மாற்றுங்கள். உங்கள் வாசகர்கள் இங்கேயும் ஜோகூரிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் கொழும்பிலும் இருப்பார்கள். சென்னை இங்கிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர், அமெரிக்க மேற்குக் கரை 13,000க்கு மேல். பக்கம் திறக்க ஒவ்வொரு கோரிக்கையும் அந்தத் தூரத்தைப் போய்த் திரும்ப வேண்டும். பின்னால் மாற்றுவது பெரிய வேலை.

கூடையில் தானாகச் சேர்ந்திருக்கும் பொருள்களை எடுத்துவிடுங்கள். குறிப்பாகக் கட்டணச் சான்றிதழ்: லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கும்போது வலைப்பூவுக்கு அது வீண். ‘அளவற்ற இடம்’ என்றால் கோப்புகளின் எண்ணிக்கைக்கு எங்கோ ஒரு வரம்பு இருக்கும். வேர்ட்பிரஸ் ஒரு படத்தை ஏற்றினால் பல அளவுகளில் ஐந்தாறு பிரதிகள் செய்துகொள்ளும் என்பதால் அந்த வரம்பு நினைத்ததைவிடச் சீக்கிரம் வரும்.

7. பெயரை இடத்தோடு இணைப்பது

பெயர் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (பெயர் எந்தச் சர்வரைக் காட்ட வேண்டும் என்று குறித்து வைக்கும் முறை) என்ற பக்கம் இருக்கும். பகிர்வு ஹோஸ்டிங்கென்றால் அவர்கள் தரும் நேம்சர்வர் (அந்தக் குறிப்பை வைத்திருக்கும் சர்வர்) இரண்டையும் இங்கே போட்டால் போதும். ஒன்றை மறக்காதீர்கள்: நேம்சர்வரை மாற்றியபின் இந்தப் பக்கத்தில் எதைத் திருத்தினாலும் ஒன்றும் நடக்காது, திருத்தவேண்டியது ஹோஸ்டிங் பக்கத்தில்.

பிளாகரென்றால் இரண்டு சிநேம் (CNAME) பதிவுகள், நான்கு ஏ (A) பதிவுகள்; இங்கே பதிவு என்றால் பெயர் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் வரி. பிளாகரே மதிப்புகளைக் காட்டும், வெட்டி ஒட்டுங்கள். புதியவர்கள் இடறுவது இரண்டு இடத்தில். ‘ஹோஸ்ட்’ என்ற கட்டத்தில் முழு முகவரியையும் தட்டுவது ஒன்று. பல பக்கங்கள் டொமைனைத் தாமே பின்னால் சேர்ப்பதால் பெயர் இரண்டு முறை வந்துவிடும், www போன்ற முன்னொட்டு மட்டும் போதும். மற்றொன்று, விற்றவர் முன்பே போட்டிருக்கும் ஏ பதிவை அழிக்காமல் விடுவது. அப்போது ஒரு தடவை உங்கள் தளம் திறக்கும், மறு தடவை அவர்கள் விளம்பரம்.

மாற்றம் பரவ சில நிமிடமும் ஆகலாம், 48 மணி நேரமும் ஆகலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றி மாற்றிப் போட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

8. முதல் பதிவுக்கு முன்பே முகவரி அமைப்பு

இந்தப் படியைத் தவறவிட்டவர்கள்தான் மிக அதிகம். வெளியிட்டு, பகிர்ந்து, நாலு பேர் இணைப்பு கொடுத்த பிறகு திருத்தினால் அத்தனை இணைப்பும் உடையும்.

தலைப்பு தமிழில் இருந்தால் வேர்ட்பிரஸ் பதிவின் முகவரியையும் தமிழிலேயே உருவாக்கும். உள்ளே அது சேமிக்கப்படுவது தமிழாக இல்லை. கணினிக்கு ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் (சேமிப்பின் சிறு அலகு), ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்றெழுத்து, ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். முகவரிக்கு மொத்த வரம்பு 200 எழுத்து. அதாவது சுமார் 22 குறிகள்.

‘தீபாவளிக்கு முதல் நாள் தேக்காவில்’ என்று ஒரு தலைப்பு வைத்துப் பாருங்கள். 30 குறிகள், இடையில் மூன்று கோடு, 273 எழுத்து வேண்டும். வேர்ட்பிரஸ் 200க்குள் அடக்க ‘தீபாவளிக்கு-முதல்-நாள்-த’ என்று வெட்டிவிடும். தேக்கா போய்த் ‘த’ மட்டும் தொங்கும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் நாலைந்து வரிக்கு விழுக்காட்டுக் குறியாக நீளும், பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார்.

பிளாகர் நேர் எதிர். தமிழ் எழுத்தை முகவரியில் சேர்க்காமல் விட்டுவிட்டு ‘பிளாக் போஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பொதுப்பெயரும் எண்ணும் வைக்கும். இருபது பதிவுக்கும் ஒரே பெயர்.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: வெளியிடு பொத்தானை அழுத்தும் முன் முகவரிக் கட்டத்தில் இரண்டு மூன்று சொல்லை ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டுங்கள். ‘deepavali-tekka’ போதும். தலைப்பு முழுக்கத் தமிழில் இருக்கலாம். வேர்ட்பிரஸில் இதோடு நிரந்தர இணைப்பு அமைப்பை ‘பதிவின் பெயர்’ என்பதற்கு மாற்றிவிடுங்கள்.

9. இன்னும் சில சுவிட்சு

வேர்ட்பிரஸில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், சிங்கப்பூருக்கு மாற்றுங்கள். மாற்றாமல் காலை 7 மணிக்கென்று வைத்த பொங்கல் வாழ்த்து ஒன்று பிற்பகல் 3 மணிக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன், பொங்கல் அதற்குள் ஆறிவிட்டது.

தளத்தின் மொழி தமிழ், உங்கள் பயனர் பக்கத்தின் மொழி ஆங்கிலம். முதலாவது தேடுபொறிக்கும் திரைவாசிப்பானுக்கும் இது தமிழ்ப் பக்கம் என்று சொல்லும். இரண்டாவது உங்களுக்காக: உதவி தேடினால் கிடைக்கும் படங்களெல்லாம் ஆங்கிலப் பொத்தான்களோடுதான் இருக்கும்.

‘தேடுபொறிகள் வரவேண்டாம்’ என்ற கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். கட்டும்போது போட்டுவிட்டு ஆறு மாதம் மறந்தவர்கள் இருக்கிறார்கள். பின்னூட்டம் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே வரட்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்பது) இப்போதே போடுங்கள்.

10. தமிழுக்கு ஏற்ற தோற்றம்

தீமின் மாதிரிப் பக்கம் ஆங்கிலத்தில் அழகாக இருக்கும், அதை நம்பாதீர்கள். உங்கள் மூன்று பதிவில் ஒன்றைப் போட்டுக் கைத்தொலைபேசியில் பாருங்கள். தலைப்புகளில் எழுத்து இடைவெளியைக் கூட்டியிருந்தால் தமிழில் காலும் கொம்பும் எழுத்தை விட்டு விலகி நிற்கும், அதைச் சுழியமாக்குங்கள். வரி இடைவெளி 1.7 அளவுக்கு இருக்கட்டும், இல்லாவிட்டால் மேல்வரிக் கீழ்ச்சுழியும் கீழ்வரி மேல்விலங்கும் மோதும். கூகுள் எழுத்துருக்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவசம். ஒன்றை எடுங்கள், இரண்டு எடைகளுக்கு (எழுத்தின் தடிமன்) மேல் வேண்டாம்.

படங்களை அகலம் 1,200 பிக்சலுக்குக் குறைத்துவிட்டு ஏற்றுங்கள். கைத்தொலைபேசிப் படம் ஒன்று பல மெகாபைட் இருக்கும், குறைத்தால் பெரும்பாலும் 200, 300 கிலோபைட்டில் அடங்கும். வீட்டில் எடுத்த படங்களில் இருப்பிடத் தகவல் ஒளிந்திருக்கும், அதை நீக்குங்கள்.

11. வெளியிடுவது, அதற்கு முன் மூன்று எச்சரிக்கை

மூன்று பதிவையும் ஒரே நாளில் வெளியிடுங்கள். ஒரே பதிவோடு வந்து பார்ப்பவர் திரும்ப வரக் காரணம் இல்லை. பிறகு கூகுள் சர்ச் கன்சோலில் (தளத்தைத் தேடலுக்கு அறிவிக்கும் கருவி) தளத்தைச் சேர்த்து வரைபடக் கோப்பைக் (பக்கங்களின் பட்டியலான சைட்மேப்) கொடுங்கள்.

கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்கிறது. ஆனால் வொர்க் பெர்மிட்டில் (வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை அனுமதி) இருப்பவர்கள் சொந்தமாகத் தொழில் நடத்தக்கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. விளம்பரத்தை இயக்குமுன் மனிதவள அமைச்சிடம் கேட்டுவிடுங்கள். எழுதுவதற்கு விளம்பரம் தேவையே இல்லை. உள்ளூர் அரசியல், சமயம் பற்றிக் குழுவாக நடத்தும் தளமென்றால் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிம விதிகளை முதலில் படியுங்கள். நாளிதழ்ப் படங்களை எடுத்து ஒட்டாதீர்கள்.

12. நகல், வெளியிட்ட அன்றே

ஹோஸ்டிங்காரர் எடுக்கும் நகல் அவர் வீட்டிலேயே இருக்கிறது. வீடு எரிந்தால் சாவியும் சேர்ந்தே எரியும். வேர்ட்பிரஸில் அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) ஒன்றைப் போட்டு வாரம் ஒருமுறை கூகுள் டிரைவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வேர்ட்பிரஸின் சொந்த ஏற்றுமதிக் கோப்பை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு: அதில் எழுத்து இருக்கும், படம் இருக்காது, படத்தின் முகவரிதான் இருக்கும். பழைய இடத்தை மூடிவிட்டால் அந்த முகவரியும் காலி.

எடுத்த நகலை ஒரு தடவையாவது திரும்ப ஏற்றிப் பாருங்கள். ஆசிரியை அக்காவின் தளத்தை ஒரு சனிக்கிழமை வெற்றுச் சோதனைத் தளத்தில் ஏற்றினோம். தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக வந்தது. தரவுத்தளத்தின் எழுத்துக் குறியீடு, தமிழை ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 என்று இல்லாமல் பழைய லத்தீனில் இருந்தது. மாற்றிவிட்டு மறுபடி ஏற்றினோம், அதிரசம் அதிரசமாகவே வந்தது. டொமைன் முடியும் தேதியை அக்கா கைத்தொலைபேசி நாள்காட்டியில் ஒரு மாதம் முன்பாகவே போட்டு வைத்திருக்கிறார். எனக்கும் சேர்த்து நினைவூட்டுகிறார்.